பாவக்காவுக்கு ஒரு வெயில்

முப்பத்தெட்டு டிகிரி. ஏறட்டும், அவசரமில்லை. நேற்று அவசரப்பட்டு பல்பை இறக்கி மாட்டியதில் நாற்பத்தாறுக்கு ஓடிவிட்டது, அந்தச் சூட்டில் தோசையே வார்த்திருக்கலாம். இன்றைக்கு நாற்பதில் வந்து நிற்க வேண்டும், நின்று அங்கேயே உட்கார்ந்துகொள்ள வேண்டும். வலது கோடியில் நாற்பது, இடது கோடியில் இருபத்தாறு, ஒரே பெட்டிக்குள் சித்திரையும் மார்கழியும், குட்டிக்கு எது வேண்டுமோ அங்கே நடந்து போய்க்கொள்ளும். சிரிப்பு வருகிறது. நாற்பத்தொரு வயதில் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு ஒரு ஓணானுக்கு வெயில் காய்ச்சிக்கொண்டிருக்கிறேன். ஓணான் என்று சொல்லக் கூடாது. பியர்டட் டிராகன். தாடி வைத்த டிராகன், ஆஸ்திரேலியாக்காரன், இன்னும் குட்டி, என் கை நீளம்கூட இல்லையாம். வாய் தவறிக்கூட அவள் எதிரில் ஓணான் என்று வந்துவிடக் கூடாது கலாமணி, பத்திரம். அவள் வருகிறாள். இன்றைக்குச் சாயங்காலம் ஈரோட்டிலிருந்து பிரகதி வருகிறாள், மடியில் அட்டைப்பெட்டியும் அதற்குள் குட்டியுமாக, அவள் அப்பாவின் காரில். அவள் அப்பா என் வீட்டுக்காரர். நான் அவருக்கு இரண்டாவது. அவள் அம்மா போனபிறகு தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவள், எங்களுக்குக் கல்யாணமான இந்த மூன்று வருஷத்தில் பண்டிகைக்கு வருவாள், இரண்டு நாள் இருப்பாள், போய்விடுவாள். இப்போது கோயம்புத்தூரில் காலேஜ் கிடைத்திருக்கிறது. இங்கே எங்களோடு இருக்கலாம், இல்லையென்றால் காலேஜ் பக்கத்தில் சிநேகிதிகளோடு வீடெடுத்துத் தங்கலாம். 'வந்து பாத்துட்டுச் சொல்றேன்ப்பா, பாவக்காவுக்கு எடம் சரியா இருந்தா இருக்கேன்' என்றிருக்கிறாள். பாவக்கா என்பது குட்டியின் பேர். ஆக, எனக்கு மார்க் போடப் போவது ஒரு பாவக்கா. முப்பத்தெட்டரை.

இந்தப் பெட்டியைப் பார்த்தால் அவள் என்ன சொல்வாள்? நாலடி நீளம், இரண்டடி அகலம், மூன்று பக்கமும் கண்ணாடி, முன்னால் தள்ளுகிற கண்ணாடிக் கதவு. சிங்காநல்லூரில் மூடிப்போன ஒரு பேக்கரியின் பலகாரப் பெட்டி. பப்ஸ் ஆறிப்போகாமல் இருக்க உள்ளே பல்பு எரியவிடுவார்களே, அதேதான். சூடு வேண்டும், கண்ணாடி வேண்டும், கதவு வேண்டும் என்று அவர் கடைகடையாக விசாரித்துக்கொண்டிருந்தபோது எனக்குத்தான் பளிச்சென்று தோன்றியது, ஊரெல்லாம் பேக்கரி வைத்துக்கொண்டு எதற்குத் தேடுகிறோம்? அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, கல்யாணப் புடவை எடுத்த அன்றுகூட அவ்வளவு வரவில்லை. மேல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஸ்டீல் வலை அடித்தாயிற்று. கண்ணாடி வழியாகக் குட்டிக்கென்று வாங்கிய விசேஷ டியூப்லைட்டின் வெயில் இறங்காதாம், சூடு வருமாம், எலும்புக்கு வேண்டியது வராதாம். எனக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள், ராத்திரி பகலாக வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். சோப்புப் போட்டு, எலுமிச்சை போட்டு, வினிகர் போட்டுக் கழுவியும் உள்ளே இன்னும் முட்டை பப்ஸ் வாசம் லேசாக இருக்கிறது. கண்ணாடி மேல் ஒட்டியிருந்த 'கை வைக்காதீர்' ஸ்டிக்கரை பிளேடால் சுரண்டியதில் பின்பாதிதான் வந்தது, 'கை வை' அப்படியே நிற்கிறது. கை வை, கை வை. யார் வைப்பது? நானா? அம்மாடி. பல்லி என்றாலே எனக்கு உயிர் போய்விடும். அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு, சுவரில் பல்லியைப் பார்த்து வாசலுக்கு ஓடிவந்து, உள்ளே விசில் விசிலாக அடிப்பதை வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்குச் சாம்பார் பொங்கல் மாதிரி ஆனது. அந்தக் கலாமணி ஒரு மாதமாக ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய ரப்பர் பல்லியை முழங்கையில் வைத்துக்கொண்டு டிவி பார்க்கிறாள். முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு கண்ணைத் திறந்துகொண்டு. ரப்பர் அசையாது, அதுதான் அதில் ஒரு சௌகரியம். அது அசைந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அலறிவிட்டால்? குட்டியை உதறிவிட்டால்? கீழே விழுந்து அதற்கு ஏதாவது ஆகிவிட்டால், அப்புறம் அந்தப் பெண் இந்த வாசற்படியை மிதிப்பாளா? வேண்டாம், அதை யோசிக்க வேண்டாம், தெர்மாமீட்டரைப் பார். முப்பத்தொன்பது. ஆகா.

வெயிலை நினைத்தால்தான் வேடிக்கை. 'வெயில்ல நிக்காதே, கறுத்துப் போயிருவே' என்று கேட்டே வளர்ந்தேன். குடை, துப்பட்டா, முகத்துக்குப் பவுடர், ஜன்னலுக்குத் திரை. இந்த ஊரில் வெயில் சும்மா கிடைக்கிறது, மொட்டைமாடியில் கொட்டிக் கிடக்கிறது, ஆனாலும் அதையே டியூப்பாக வாங்கி வந்து வீட்டுக்குள் மாட்டுகிறேன். மில்லில் பஞ்சு அறையில் ஈரம் குறைந்தால் நூல் அறுந்துவிடும், அதனால் காற்றில் ஈரம் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துப் பழகின கண் இது. இங்கே தலைகீழ், ஈரம் ஏறக் கூடாது, ஏறினால் குட்டிக்கு நெஞ்சில் சளி கட்டும். அதனால் தண்ணீர்க் கிண்ணம் குளிர்ந்த கோடியில், சின்னதாக, அகல் விளக்கு அளவுக்கு. தரைக்கு முதலில் மணல்தான் போட்டிருந்தேன். டிராகன் என்றால் பாலைவனம், பாலைவனம் என்றால் மணல், என் புத்திக்கு அப்படித்தான் எட்டியது. ஆற்று மணலை வாங்கி, சலித்து, கழுவி, மாடியில் காயவைத்து, மாவு மாதிரி ஆக்கிப் பரப்பிவிட்டு, பெருமையாகப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன், அவர் மகளுக்கு அனுப்பினார். அப்போதுதான் அது நடந்தது. என் போனுக்கு, நேராக என் போனுக்கு, அவளிடமிருந்து மெசேஜ். மூன்று வருஷத்தில் முதல் மெசேஜ். 'மணல் வேண்டாங்க. குட்டி நக்கி நக்கி முழுங்கிடும், வயித்துல அடைச்சுக்கும். டைல்ஸ் இல்லைன்னா பேப்பர் போதுங்க.' அவ்வளவுதான். நான் அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. அப்பாவிடம் சொல்லி அனுப்பாமல் என்னிடமே சொன்னாள்! மணலைச் சந்தோஷமாக அள்ளிக் கொட்டினேன், பாத்ரூமுக்கு வாங்கியதில் மிச்சமான சொரசொரப்பு டைல்ஸை வெட்டி வரிசையாகப் பதித்தேன். ஆனால் மெசேஜை மறுபடி மறுபடி படிக்கும்போது ஒன்று உறுத்தியது. எல்லாம் இருக்கிறது, 'ங்க' கூட இருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு வார்த்தை இல்லை.

அந்த ஒரு வார்த்தைதான். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு தரம் 'ஆன்ட்டி' என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. கோபமாக இருந்தால் சண்டையாவது போடலாம், அவள் கோபப்படுகிற பெண்ணும் இல்லை. 'காபி இருக்குங்களா?' என்பாள். யாரிடம் கேட்கிறாள்? காபியிடம்தான் கேட்க வேண்டும். 'குளிச்சுட்டு வந்துடறேங்க' என்பாள், பாத்ரூம் கதவைப் பார்த்து. நம் பாஷையில் இந்த 'ங்க' ஒன்று போதும், மரியாதை வந்துவிடும், உறவு வராது. எதிரெதிரே நிற்கிறவரைக்கும் இதை வைத்து வருஷக்கணக்கில் ஓட்டிவிடலாம். ஆனால் இன்னொரு அறையில் இருக்கிற ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் ஏதாவது ஒரு வார்த்தை வேண்டுமே? அதற்கும் அவள் வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். எழுந்து நடந்து வருவாள். சார்ஜர் எங்கே என்று கேட்கக் கூட மொட்டைமாடியிலிருந்து இறங்கி, ஹாலைத் தாண்டி, சமையலறை வாசலில் வந்து நின்று, நான் திரும்பிப் பார்க்கிறவரைக்கும் நிற்பாள். பாவம், எனக்காக எவ்வளவு நடந்திருக்கிறாள். நானும் மனசுக்குள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். அம்மா, வேண்டவே வேண்டாம், அது இன்னொருத்தியுடையது, நானே கை நீட்டி வாங்க மாட்டேன். சித்தி, கதைகளில் வருகிற சித்தியெல்லாம் பிள்ளைகளுக்குப் பழைய சோறு போடுகிறவள். ஆன்ட்டி என்றால் பக்கத்து வீடு. பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லலாமா, கலாமணி என்றா, அவள் நாக்கு எழும்பாது. எந்தச் சட்டையும் பொருந்தவில்லை. கடைசியில், சரி, ஒன்றும் கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, இந்த வீட்டில் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். பொய். போதாது. அவள் என்னைக் கூப்பிட வேண்டும். தூரத்திலிருந்து, கத்தி, அவசரமாக, அதிகாரமாக ஒரு தடவை கூப்பிட வேண்டும். முப்பத்தொன்பதரை, ஏறமாட்டேன் என்கிறதே, வலைமேல் துணி எதையாவது வைத்திருக்கிறேனா? இல்லை. ஏறும்.

இந்தப் பெண்ணிடம் நான் ஏற்கெனவே ஒரு தடவை சொதப்பியவள், அது ஞாபகம் வந்தால் இப்போதும் காது சுடுகிறது. அவர் தினமும் ராத்திரி மகளோடு போனில் பேசுவார். 'சாப்பிட்டயா கண்ணு? பாவக்கா? நெசமாவா? முழுசுமா? பேஷ் பேஷ்' என்று குஷியாகப் பேசுவார். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். இந்தக் காலத்தில் பாகற்காயை இவ்வளவு ஆசையாகச் சாப்பிடுகிற பெண்ணா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அவளுக்குப் பிடித்தது ஒன்றாவது தெரிந்ததே என்று சந்தோஷம் வேறு. போன தீபாவளிக்கு அவள் வந்தபோது பாகற்காய் வறுவல், பாகற்காய் புளிக்குழம்பு, பாகற்காய் பச்சடி, வடைக்குள்ளும் நாலு பொடியாக நறுக்கிப் போட்டேன். இலையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் தின்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது, காரம் போலிருக்கிறது என்று நினைத்து மோர் ஊற்றினேன். அவள் போனபிறகுதான் இவர் விழுந்து விழுந்து சிரித்தார். உடம்பெல்லாம் முள்முள்ளாக இருக்கிற குட்டிக்கு அவள் வைத்த பேராம் அது. அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் செல்லப்பிள்ளையைத்தான் நாலு விதமாகச் சமைத்து வைத்திருக்கிறேன், தின்னு என்று சொன்ன மாதிரி அவளுக்குத் தோன்றியிருந்தால்? சித்தி என்றால் இப்படித்தான் என்று நினைத்திருந்தால்? அந்தப் பாகற்காயைச் சரிக்கட்டத்தான் இந்தப் பெட்டி. இல்லை, அதுவும் முழுசாக உண்மையில்லை. பாதியில் எங்கேயோ இந்தப் பெட்டியே பிடித்துப்போய்விட்டது. கொய்யாக் கிளையைச் சாய்த்து வைத்து, அது ஆடாமல் கம்பி கட்டி, ஏறினால் வெயிலுக்குச் சரியாக ஒரு சாண் கீழே முதுகு வருகிற மாதிரி அளந்து, ஒளிந்துகொள்ள ஓட்டுத் துண்டைக் கவிழ்த்து வைத்து, இதெல்லாம் செய்யச் செய்ய எனக்கே உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல ஆசை. வெள்ளிக்கிழமைகூடச் சாம்பிராணி போடவில்லை, குட்டிக்குப் புகை ஆகாது. கொசு மருந்தையும் நிறுத்திவிட்டேன், காலெல்லாம் தடிப்பு. பால்கனியில் ஒரு டப்பாவில் குட்டிக்குத் தீனியாகப் பட்டுப்புழு, உடுமலைப் பக்கத்திலிருந்து மில்லுத் தோழி கொண்டுவந்து தந்தது, முசுக்கொட்டை இலையைச் சரசரவென்று தின்றுகொண்டிருக்கிறது. நாற்பது! நாற்பது, நாற்பது, நிற்கிறது, ஐயோ, யாரிடமாவது சொல்ல வேண்டும், வீட்டில் ஒருத்தரும் இல்லை. கீழே ஹாரன்.

வந்துவிட்டார்கள். தலை சீவவில்லை, நைட்டியில் டைல்ஸ் சிமெண்ட். படிக்கட்டில் அவர் குரல், "கலா, கதவைத் தொற, அவ கையில பெட்டி இருக்குது." அவள் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வருகிறாள், உயரமாகிவிட்டாள், முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். "வாங்க வாங்க, வா கண்ணு" என்று யாரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் இரண்டையும் சொல்கிறேன். "நல்லா இருக்கீங்களா?" என்கிறாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே, தரையைப் பார்த்து. ஆரம்பித்துவிட்டது. நேராக அறைக்குள் போகிறாள். நான் பின்னாலேயே போகலாமா, கூடாது, பரீட்சைத் தாளைத் திருத்தும்போது பக்கத்தில் நிற்கக் கூடாது. வாசலோடு நிற்கிறேன். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வருகிறாள். குனிந்து மோந்து பார்க்கிறாள். "பப்ஸ் வாசம் அடிக்குதுங்களே?" அவசரமாகச் சொல்கிறேன், "பேக்கரிப் பெட்டி கண்ணு, எவ்வளவோ கழுவிப் பாத்தேன், போகமாட்டீங்குது." அவள் அட்டைப்பெட்டியைக் கீழே வைக்கிறாள். டைல்ஸைத் தடவுகிறாள், கிளையை ஆட்டிப் பார்க்கிறாள், அது ஆடவில்லை, ஆடாது. ஸ்டிக்கரைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்கிறாள், அது சிரிப்பா வேறா தெரியவில்லை. அவர் காரைச் சரியாக நிறுத்திவிட்டு மிச்சப் பையை எடுத்துவருகிறேன் என்று கீழே போய்விட்டார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. முருங்கைக்கீரை பொடியாக நறுக்க வேண்டும், குட்டிக்கு, என்று சொல்லிவிட்டு சமையலறைக்கு ஓடிவந்துவிட்டேன்.

கத்தியை எடுத்துக் கீரையைக் குவிக்கிறேன். வாசம் பிடிக்கவில்லை. வாசத்தால் தோற்றுவிட்டேன். பேக்கரிப் பெட்டி என்று சொல்லியிருக்கக் கூடாது, கேவலமாக நினைப்பாள், அவள் பார்த்த வீடியோக்களில் மரத்தில் கடைந்த மாதிரி இருக்கிறது, நான் பப்ஸ் பெட்டியைக் கொடுக்கிறேன். சிநேகிதிகளோடு இருக்கட்டும், அதுதான் அவளுக்குச் சௌகரியம், அங்கே கூப்பிட வார்த்தையில்லாமல் அறை அறையாக நடக்க வேண்டியதில்லை. கீரையை எவ்வளவு பொடியாக நறுக்குவது, இது குட்டி வாய்தானே, இன்னும் பொடி. அறையிலிருந்து கடக்கென்று ஒரு சத்தம். கண்ணாடி. எனக்குத் தெரியும் அந்தச் சத்தம், இழுத்துத் தள்ளினால் கதவு அலுமினியத் தடத்தை விட்டு வெளியே வந்துவிடும், சொல்ல மறந்துவிட்டேன். அவள் ஒரு கையில் கண்ணாடியைப் பிடித்திருப்பாள். இன்னொரு கையில் குட்டி இருக்கும். இரண்டையும் விட முடியாது. நடந்து வர முடியாது. நான் கத்தியை வைத்துவிட்டேன். ஓடிப் போகலாம், போக வேண்டும், ஆனால் கால் நகரவில்லை, அறைக்குள் ஒரு மௌனம், அந்த மௌனத்துக்குள் அவள் வார்த்தை தேடுவது எனக்கு இங்கே கேட்கிறது. அலமாரி அலமாரியாகத் திறந்து தேடுகிறாள், எந்தச் சட்டையும் பொருந்தவில்லை. கண்ணாடி இன்னொரு தரம் கிறீச்சென்றது. அப்புறம் அவள் கத்தினாள்.

"யாராவது வாங்களேன்!"

யாராவது. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? நான்தான் யாராவது. "வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன், என்ன குரல் அது, நானே கேட்டதில்லை. அவள் முகம் சிவந்து கண்ணாடியை முழங்காலால் தாங்கிக்கொண்டு நிற்கிறாள். நான் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து பாவக்கா அவள் விரலிலிருந்து தாவி என் முழங்கையில் வந்து ஒட்டிக்கொண்டது. நாலு காலின் நகமும் குத்துகிறது. ரப்பர் இல்லை. சூடாக, லேசாக, உயிரோடு இருக்கிறது, வயிறு என் தோலில் விம்மி விம்மி அடங்குகிறது. அலறு, கலாமணி, உதறு, என்று உள்ளே எல்லாம் சொல்கிறது. கையில் கண்ணாடி. விட்டால் அது உடையும், இது விழும், எல்லாம் போய்விடும். நின்றேன். மூச்சுகூட விடவில்லை. பாவக்கா தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. பிறகு ஒரு முன்னங்காலைத் தூக்கி மெதுவாக, வட்டமாக ஆட்டியது. "பாரு, பாரு கண்ணு, டாட்டா காட்டுது!" "டாட்டா இல்லைங்க" என்றாள், கிட்டே வந்து, "பயப்படுதுங்க. 'நீ பெருசு, நான் சின்னது, உன்கிட்ட வம்புக்கு வரல, என்னை ஒண்ணும் பண்ணிராதே'ன்னு சொல்றது அது." கை காலியாக இருந்தால் நானும் தூக்கி ஆட்டியிருப்பேன், அதைப் பார்த்து, அவளைப் பார்த்து. "எனக்கும் அதே பயந்தான் கண்ணு" என்றேன், "பல்லின்னாலே ஆகாது எனக்கு. நீ வர்றேன்னதும் ரப்பர் பல்லி வாங்கிக் கையில வெச்சுப் பழகினேன்." அவள் என்னைப் பார்த்தாள். சுவரையோ தரையையோ காபியையோ இல்லை, என்னை. "ரப்பர் பல்லியா?" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்துக்கொண்டே குட்டியை எடுத்து உள்ளே விட்டாள், சிரித்துக்கொண்டே தடத்தில் கண்ணாடியை நெருக்கிப் பொருத்தினாள், அவள் அப்பா மாதிரியே தோள் குலுங்கச் சிரிக்கிறாள். பாவக்கா கிளையில் ஏறி, நான் அளந்து வைத்த இடத்துக்கே போய், உடம்பைத் தட்டையாக விரித்துக்கொண்டு வெயிலில் படுத்தது. அவள் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். "நாப்பதுங்க. கரெக்ட்டா நாப்பது." எனக்குத் தெரியாதா?

அவர் பையோடு வந்து, டீ குடித்து, ஹாலில் பேப்பரை விரித்தாயிற்று. என்ன முடிவு என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் கலைந்துவிடும் போல் இருக்கிறது. நான் சமையலறையில் மிச்சக் கீரையை நறுக்குகிறேன், முழங்கையில் நாலு நகக்கீறல், அதை அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன். உள்ளே அவள் பை ஜிப்பைத் திறக்கிற சத்தம், அலமாரிக் கதவு, ஹேங்கர். ஹேங்கரா? இரண்டு நாளைக்கு வருகிறவள் துணியைப் பையிலேயே வைத்திருப்பாள். அப்போது மறுபடி வந்தது அந்தக் குரல், உரக்க, சாவகாசமாக, கதவைத் தாண்டி, ஹாலைத் தாண்டி. "யாராவது! லைட்டை எத்தனை மணிக்கு அணைக்கறதுங்க?" அவர் பேப்பரை மடித்துவைத்து எழுந்திருக்கிறார், நாற்காலி கிறீச்சிடுகிறது. "நீங்க உக்காருங்கப்பா" என்கிறாள் உள்ளேயிருந்து. "நான் உங்களைக் கூப்பிடல. யாராவதைக் கூப்பிட்டேன்." யாரையாவது இல்லை. யாராவதை. "வந்துட்டேன்" என்று ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டே நடக்கிறேன்.